குந்தாய் பெரியவரின் காலடி மண்

பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கோங்க தங்கச்சி. ஜன்னல் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது பாருங்க. செய்துங்கநல்லூர் தாண்டிட்டா வயக்காத்தும் சேர்ந்துக்கிடும். ஆமா, அப்படித் தோள்ல சாத்திக்கோங்க. பயலா? சரி சரி. நான் தொடல. ஊரான் வீட்டுப் பிள்ளையைக் கேக்காம தொடுற ஆளு நான் இல்ல. அதுல நான் பட்ட பாடு ஆயுசுக்கும் போதும்.

கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு திருச்செந்தூர் வரைக்கும் பஸ்ல போறதே பயமா இருக்குன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னீங்கள்ல, காதுல விழுந்துச்சு. நான் கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போனவ. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அந்தா, டிரைவருக்குப் பின் சீட்ல கட்டம் போட்ட சட்டை தெரியுதா? அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. லிங்கதுரைன்னா குரும்பூர்ல எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீடு, சடங்கு வீடு, தசரான்னு படம் எடுக்கிறவுக.

எங்க ஊர்க்கார அண்ணாச்சி ஒருத்தர் நைரோபியில கடை வச்சிருக்கார். வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சின்னு பேரு. நல்ல மனுசன், ஆனா ஒரு கிறுக்கு உண்டு. அந்த நாட்டுல இருக்கிற ஒவ்வொரு கூட்டத்து சனமும் எப்படி உடுத்துது, எப்படி வீடு கட்டுது, எப்படிக் கல்யாணம் முடிக்குதுன்னு படம் பிடிச்சுப் பெருசா ஒரு புஸ்தகம் போடணும்னு. உலகத்துல படம் எடுக்கிறவன் எத்தனையோ பேர் இருக்கான். எங்க வீட்டுக்காரவுகதான் வரணும்னுட்டார். இவுகளும் தலையை ஆட்டிட்டு வந்துட்டாக.

நான் வாசல்ல குறுக்க படுத்துட்டேன். போனா மூணு பேரும் போவோம், இல்லன்னா யாரும் போக வேண்டாம்னுட்டேன். பிடிவாதக்காரின்னு நெனைக்காதீங்க. எனக்கு முதல்ல பொறந்தது ஒரு பயல். பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான். அடுத்தது பொட்டப் பிள்ளை. தவழ்ந்து வாசப்படி ஏறுன பிள்ளை. காய்ச்சல்னு படுத்துச்சு, அப்படியே போயிட்டு. ரெண்டு தடவையும் அவுக வெளியூர்ல, யாரோ ஒருத்தர் கல்யாணத்துல, எல்லாரும் சிரிங்க சிரிங்கன்னு சொல்லிக்கிட்டு நின்னிருக்காக. அதுல இருந்து அவுக இல்லாத வீட்ல பிள்ளையோட தனியா இருக்க என்னால முடியாது. மேல் காய்ச்சல்னு சத்தமாச் சொன்னாக்கூட ஓடிப்போய்ப் பிள்ளை நெத்தியைத் தொட்டுப் பாப்பேன்.

மூணாவதுதான் இவ. இவ பொறந்த உடனே எங்க நாத்தனார் சொர்ணம் மதினி என் கையில தரல. நேராக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல உருட்டி எடுத்தா. மூக்கைக் குத்துனா. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு படி தவிட்டுக்கு வித்துட்டு, பெறகு நாங்க திரும்ப வாங்கிக்கிட்டோம். சர்டிபிகேட்ல மகிழினின்னு இருக்கு. வீட்ல குப்பி. குப்பம்மா. நல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா எமன் காதுல விழுந்துரும்ல? குப்பைன்னு நெனைச்சுத் தாண்டிப் போயிரணும். அழகா இருக்கான்னு யாராவது வாயெடுத்தா, 'இதா? கழுதை மாதிரி இருக்கு'ம்போம். கன்னத்துல அகலமா ஒரு மை. அப்படிப் பொத்திப் பொத்தி வளத்த பிள்ளையை, அப்பதான் கையைப் புடிச்சிக்கிட்டு நிக்கப் பழகுது, அதைத் தூக்கிக்கிட்டுப் பிளேன் ஏறினேன்.

ஏறினதுல இருந்து பயம்தான். எதைப் பாத்தாலும் பயம். இறங்கின இடமெல்லாம் கருப்பு சனமா நிக்கு. எங்க வீட்டுக்காரவுக நெறம் உங்களுக்கு இங்க இருந்து தெரியாது, அவுகளும் நல்லாக் கருப்புதான், ஆனா அது வேற. பழகுன கருப்பு.

அண்ணாச்சி ஒரு வண்டியும், கூட சைதோட்டின்னு ஒரு தம்பியும் அனுப்பினார். சைதோட்டிதான் டிரைவர், அவன்தான் வழிகாட்டி, அவன்தான் அந்தந்த சனம் பேசுறதை இங்கிலீஷ்ல சொல்றவன். மாசாய்க் கூட்டத்து ஆளு. நான் பி.காம். முடிச்சவ, அவன் பேசுறது எனக்கு விளங்கும். அதனாலதான் இவ்வளவு வினையும் வந்துச்சு. விளங்காம இருந்திருந்தா பேசாம இருந்திருப்பேன்.

முதல்ல வடக்கே, சம்புரு சனங்க இருக்கிற ஊரு. வாலிபப் பயலுக தலைமுடியைச் சடைசடையாப் பின்னி, செம்மண்ணைக் குழைச்சுப் பூசி, கழுத்துலயும் கையிலயும் பாசிமணியாக் கட்டி, ஈட்டியைப் புடிச்சிக்கிட்டு நின்ன இடத்துலயே குதிக்காங்க. அதான் ஆட்டமாம். நான் வண்டிக் கதவைப் பூட்டிக்கிட்டு, பிள்ளை கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். பெரிய ஆம்பளைங்க இப்படிப் பூசிக்கிட்டுக் குதிச்சா பச்சப்பிள்ளை பயப்படாதா? எங்க வீட்டுக்காரவுக வருசா வருசம் குலசை தசராவுக்குக் காளி வேசம் கட்டுவாக. மூஞ்சி பூராச் செவப்புச் சாயம், கோரப்பல்லு, தொங்குற நாக்கு, தலையில அவ்வளவு பெரிய சடைமுடி. குப்பி அதைப் பாத்துக் கையைத் தட்டுவா. அது வேற. அது சாமி.

அங்க இருந்து துர்க்கானா சனங்க இருக்கிற பக்கம். ஒரு பெரிய ஏரி, சுத்தி வெறும் கல்லு. வெயில்னா வெயில், நம்ம ஊரு வெயில்லாம் நெழலு. அந்தப் பொம்பளைங்க கழுத்து தெரியாத அளவுக்கு மணி போட்டிருக்காங்க, தாடையைத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும். அதுல ஒருத்தி வந்தா. எங்கிட்டக் கேக்கவும் இல்ல, குப்பியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. குப்பி அவ மணியைப் புடிச்சு இழுத்துச் சிரிக்கா. எனக்கு உசிரே இல்ல. அந்தப் பொம்பளை தன் கழுத்துல கிடந்த ஒரு சரத்தைக் கழத்திக் குப்பிக்குப் போட்டுட்டா. நான் தங்குற இடத்துக்கு வந்ததும் அந்த மணியை வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வச்சேன். யாரு கண்டா, என்னத்தை மந்திரிச்சு வச்சிருக்காளோ. சாயம் போகல. அதை நான் ஒத்துக்கிடுதேன், நல்ல மணி.

அவுக, 'ஏட்டி, ஒரு தாய் பிள்ளைக்குப் போட்டதைக் கொதிக்க வைக்கியே'ன்னாக. நான் அடுப்பை இன்னும் கூட்டி வச்சேன்.

கடைசியாத்தான் மாசாய் ஊருக்கு வந்தோம். அது சைதோட்டியோட கூட்டம். சுத்தி வட்டமா முள்வேலி, உள்ள தாழத் தாழ வீடுங்க. குச்சியைக் கட்டிச் சாணியை மெழுகி வச்சிருக்காங்க. உள்ள நுழைஞ்சா குப்புனு சாணி வாடை. எங்க மாமியார் வீட்லயும் சாணி மெழுகின தரைதான், ஆனா அது வேற சாணி.

இவுக உள்ள போய்ப் பால் வைக்கிற சுரைக்குடுக்கையைப் படம் எடுத்துக்கிட்டு இருக்காக. சைதோட்டி அவுககூட. நான் வெளிய, பிள்ளையோட. பொம்பளைங்க என்னைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. ஒருத்தி என் மூக்குத்தியைத் தொட்டுப் பாக்கா. ஒருத்தி கீழ குந்தி என் மெட்டியைத் திருகிப் பாக்கா. தாலியைத் தூக்கிப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிக்காங்க. நாங்க அவங்களைப் பாக்கப் போனா, அவங்க என்னை வேடிக்கை பாக்காங்க. என்ன மாதிரி சனம் பாருங்க.

அப்பதான் அந்தக் கிழவன் வந்தான். செவப்புப் போர்வை, கையில கம்பு. காது ரெண்டும் வளந்து தோளைத் தொடுற மாதிரி தொங்குது. எங்க பக்கத்துல பாம்படம் போடுற கிழவிகளுக்கு அப்படித் தொங்கும், ஆம்பளைக்கு எதுக்குக் காதை வளக்கணும்? வந்தவன் குப்பியையே பாக்கான். குப்பி அவனைப் பாத்துச் சிரிக்கா, அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. கிழவன் குனிஞ்சான். மெதுவா என்னமோ சொன்னான். சொல்லிட்டு, தூன்னு துப்பிட்டான்.

எங்க? பிள்ளை தலையில. உச்சிக்குழி இருக்குல்ல, சரியா அந்த இடத்துல. ஈரம் வழியுது.

நான் போட்ட கூப்பாட்டுல மாடெல்லாம் மிரண்டுச்சு. இவுகளும் சைதோட்டியும் ஓடி வந்தாக. 'இவன் என்ன சொன்னான், உள்ளதை உள்ளபடி சொல்லு'ன்னு சைதோட்டி சட்டையைப் புடிக்காத குறைதான். அவன் கிழவன்கிட்ட கேட்டான். பெறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். 'கெட்ட பிள்ளை. அவலட்சணமான பிள்ளை. யாருக்கும் வேண்டாத பிள்ளை.' அதைத்தான் சொன்னாராம். 'மேடம், இது நல்லதுக்குத்தான், இது வாழ்த்து'ன்னு கூடவே சொன்னான். யாரு காதுல ஏறும்? துப்பிட்டு, கெட்ட பிள்ளை, அவலட்சணமான பிள்ளைன்னு சொல்றதுக்குப் பேரு வாழ்த்தா? அவன் ஆளை அவன் விட்டுக்குடுப்பானா?

நான் பையைத் திறந்தேன். ஈரத் துணி எடுத்தேன், டெட்டாலை ஊத்தினேன். எல்லாரும் பாக்க, அந்தக் கிழவன் பாக்க, பிள்ளை தலையைத் தேய் தேய்னு தேச்சேன். கிழவன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே கிட்ட வந்தான். அடிக்க வாரான்னு நெனைச்சு நான் வண்டிக்கு ஓடிட்டேன். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பாக்கேன், நீட்டின கையை மடக்காம அப்படியே நிக்கான்.

வழியில அவுக ஆரம்பிச்சாக. 'ஏட்டி, நம்ம ஊர்லயும்...'

'பேசாம வாங்க'ன்னுட்டேன்.

மறுநாள் காலையில பிள்ளை முழிக்கல தங்கச்சி. தொட்டா கொதிக்குது.

எனக்குக் காலும் ஓடல கையும் ஓடல. அந்த ரெண்டாவது பிள்ளை, வாசப்படி ஏறுனது, அதுவும் இப்படித்தான் ஒரு காலையில முழிக்காம கிடந்துச்சு. அதே சூடு. உள்ளங்கைக்கு அந்தச் சூடு ஞாபகம் இருக்கும். நாரோக்னு ஒரு ஊரு, அங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். நல்ல டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. மலேரியா இல்ல, தொண்டையில புண்ணு, அதனால காய்ச்சல், மருந்து குடுத்தாக் கேட்டுரும்னாங்க. மருந்து குடுத்தோம். ஈரத் துணி போட்டோம். பொழுது சாயுது, சூடு இறங்கல. அடுத்த நாளும் இறங்கல. பிள்ளை பால் குடிக்க மாட்டேங்கு. கண்ணைத் திறந்து என்னைப் பாக்கா, நான் யாருன்னே தெரியாத மாதிரி பாக்கா.

தொண்டைப் புண்ணாம். முந்தின நாள் வரைக்கும் இல்லாத புண்ணு, அவன் துப்பின மறுநாள் எங்க இருந்து வரும்?

நான் அவுககிட்ட சொன்னேன். 'என்னை அந்தக் கிழவன்கிட்ட கொண்டுபோங்க. போட்டவன்தான் எடுக்கணும். அவன் வாயாலயே திரும்ப எடுக்கச் சொல்லுங்க.' அவுக என்னைப் பாத்தாக. அவுக கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. 'ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு, நம்ம ஊர்லயும்...' முடிக்க விடல நான். 'ரெண்டு பிள்ளையைப் புதைக்கும்போது நான்தான இருந்தேன், நீங்க இருந்தீங்களா'ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவுக எழுந்து போய் சைதோட்டியைக் கூப்பிட்டாக.

போற வழி பூரா இதையே நெனைச்சுக்கிட்டு வந்தேன். அந்தக் கிழவன் எடுக்க மாட்டேன்னுட்டா? நூறு பேர் ஈட்டியோட சுத்திக்கிட்டா? இந்தப் பொட்டக்காட்டுல நாங்க மூணு பேரு, கேக்க நாதி கிடையாது. ஆனா எனக்கு இன்னொரு யோசனையும் இருந்துச்சு, அதை அவுககிட்டகூட சொல்லல. காலடி மண்ணு. உங்க பக்கத்துல உண்டுல்ல? கண்ணு வச்சவங்க காலடி மண்ணை அவங்களுக்குத் தெரியாம எடுத்து, உப்பு மிளகாயோட பிள்ளையைச் சுத்தி, நெருப்புல போட்டுரணும். அவன் வாக்கைத் திரும்ப எடுக்கலன்னா மண்ணை எடுத்துட்டு ஓடி வந்துரணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

கிழவன் முள்வேலிக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்தான். நாங்க வாரது தெரிஞ்சு நின்ன மாதிரி. அதுவே எனக்குத் திக்குனு இருந்துச்சு. சைதோட்டி அங்க நின்னவங்ககிட்ட கேட்டுச் சொன்னான், நாங்க போனதுல இருந்து பெரியவர் தெனமும் அங்கதான் வந்து நிக்காராம், வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாக்காராம். குந்தாய்னு அவர் பேரு.

நான் சைதோட்டிகிட்ட சொன்னேன், 'அவர் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிடச் சொல்லு. துப்பினதைத் திரும்ப எடுக்கச் சொல்லு.' சைதோட்டி முகம் மாறிட்டு. 'மேடம், இதை நான் ஒரு பெரியவர்கிட்ட கேக்க முடியாது. பிள்ளைக்குக் குடுத்ததைப் பிடுங்கச் சொல்றது...' மிச்சத்தைச் சொல்லாம விழுங்கிட்டான். பாத்தீங்களா, சிக்கிட்டாங்கன்னு நெனைச்சேன். பிள்ளை கிடக்கிற கிடையைக் காட்டி அழுதேன். அவனும் பிள்ளைக்காரன். கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டே அவர் காதுக்குப் பக்கத்துல சொன்னான்.

பெரியவர் கையில இருந்த கம்பு நடுங்குச்சு தங்கச்சி. நான் கண்ணால பாத்தேன். அவ்வளவு உயரமான மனுசன், சிங்கத்தை வெரட்டுற கூட்டம்னு சொல்லுதாங்க, என்னைப் பாத்து நடுங்குதார். சுத்தி நின்ன பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவர் ரெண்டு அடி பின்னால போனார். குனிஞ்சு, காலடியில இருந்த புல்லை ஒரு கொத்துப் பிடுங்கி, எனக்கு நேரா நீட்டினார். புல்லை வச்சு என்னமோ செய்யப் போறார்னு நான் பிள்ளையை இறுக்கிக்கிட்டேன். நம்ம பிள்ளையாருக்கு அருகம்புல் போடுவோம், அது வேற. இது என்ன புல்லோ. அவங்க ஊர்ல புல்லை நீட்டினா சமாதானமாம், அதைப் பெறகுதான் சொன்னாங்க.

சைதோட்டி சொன்னான், 'என்னால முடியாதுங்கார். திரும்ப எடுத்தா பிள்ளை கூரை இல்லாம நிக்கும், எனக்குப் பயமா இருக்குங்கார். நீங்க தொடைச்சதுல இருந்தே அவருக்குப் பயம்தானாம்.' பெறகு பெரியவர் என்னையே பாத்து ஒண்ணு கேட்டார். சைதோட்டி அதைச் சொல்லும்போது அவன் குரலே இறங்கிட்டு. 'இதுக்கு முன்னால உங்களுக்குப் பிள்ளை போயிருக்கான்னு கேக்கார்.'

யார் சொன்னா இவருக்கு? சைதோட்டிக்கே நாங்க சொல்லல. அவுகதான் மெல்ல, 'ரெண்டு'ன்னாக. பெரியவர் தலையை ஆட்டினார். தூரத்துல நின்ன ஒரு பொம்பளையைக் காட்டினார். அவருக்குப் பொறந்ததுல அது ஒண்ணுதான் தங்குச்சாம். அதுவும் சின்னதுல, கெட்டது கெட்டதுன்னு எல்லாரும் துப்பித் துப்பி வளத்ததாம். பெத்த மகளை இப்படித் திட்டி வளத்திருக்காரேன்னு எனக்கு அந்தப் பொம்பளை மேல பாவமா இருந்துச்சு.

சரி, இனிப் பேசிப் பிரயோசனம் இல்ல, மண்ணுதான்னு முடிவு பண்ணிட்டேன். பிள்ளையை அவுக கையில குடுத்தேன். துப்பட்டாவைச் சரி பண்றது மாதிரி, பெரியவர் கிட்டக்கப் போய், சட்டுன்னு குனிஞ்சு, அவர் பாதம் பதிஞ்ச இடத்துல ஒரு பிடி அள்ளினேன்.

அள்ளினேன், எந்திரிக்க முடியல. தலை மேல ஒரு கை.

அந்தச் சனத்துல சின்னவங்க பெரியவங்க முன்னால போய்த் தலையைக் குனிவாங்களாம். அவங்க தலையைத் தொடுவாங்களாம். அதான் அவங்க கும்புடுறது. எனக்கு அது தெரியாது. நான் மண்ணு திருடக் குனியுதேன், அவர் நான் கும்புட வந்தேன்னு நெனைச்சுட்டார். உள்ளங்கையைத் தலையில வச்சு, மெதுவா என்னமோ சொல்லிக்கிட்டே, தூ. என் உச்சியில ஈரம். கையில மண்ணு, தலையில எச்சில், அப்படியே குனிஞ்சு நிக்கேன். பெத்த பிள்ளை செத்துருமோன்னு ஓடி வந்தவ, இப்ப இங்கயே நானும் செத்துருவேன்போலன்னு நெனைச்சேன்.

நிமிந்தேன். பெரியவர் என் மூடின கையைப் பாத்துட்டார். விரலுக்கு நடுவுல மண்ணு உதிருது. சைதோட்டி, 'மேடம், அது என்ன'ன்னான். கண்ணு வச்சவன் காலடி மண்ணுன்னு எப்படிச் சொல்ல?

அவுகதான் சொன்னாக. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஓட்டை இங்கிலீஷ்ல, நிதானமா. 'எங்க ஊர்ல பெரிய மனுசங்க பாதம் பட்ட மண்ணை எடுத்து வச்சுக்கிடுவோம். பிள்ளைக்கு நல்லதுன்னு.' அவுக வாழ்க்கையில சொன்ன நல்ல பொய் அது ஒண்ணுதான். பொய்யும் இல்ல, மகான்கள் பாதத் தூளின்னு எடுக்கிறது உண்டுதான், ஆனா நான் எடுத்தது அது வேற.

சைதோட்டி அதை அவங்க பாசையில சொன்னான். பெரியவர் அசையாம நின்னார். பெறகு அவர் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஒரு காலைத் தூக்கித் தள்ளி வச்சார். கஷ்டப்பட்டுக் குனிஞ்சு, அவர் பாதம் இருந்த இடத்துல இருந்து அவரே ஒரு பிடி அள்ளி, என் துப்பட்டா முனையில போட்டார். எனக்கு ஏன்னு தெரியல, விம்மி விம்மி அழுகை வந்துட்டு. பயமா, வெக்கமா, ஒண்ணும் சொல்லத் தெரியல. அவரும் அழுதார், நானும் அழுதேன், நாங்க ரெண்டு பேரும் எதுக்கு அழுதோம்னு ரெண்டு பேருக்கும் தெரியாது.

அவுக பிள்ளையை அவர்கிட்ட நீட்டினாக. எங்கிட்டக் கேக்கல. பெரியவர்தான் என் மூஞ்சியைப் பாத்தார். கேட்டுக்கிட்டுத்தான் செய்வேன்னு நிக்கார். நான் தலையை ஆட்டினேனா, நடுக்கத்துல தலை தானா ஆடுச்சா, இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அவர் குனிஞ்சார். அதே வார்த்தை, எனக்கு இப்ப அந்தச் சத்தம் பழகியிருந்துச்சு. கெட்ட பிள்ளை, அவலட்சணமான பிள்ளை, யாருக்கும் வேண்டாத பிள்ளை. தூ.

என் கை பையில கிடந்த ஈரத் துணிக்குப் போச்சு. எல்லாரும் அந்தக் கையைத்தான் பாக்காங்க. நான் கையை வெளிய எடுத்துட்டேன், வெறுங்கையா.

மறுநாள் விடியும்போது பிள்ளை நெத்தி வேர்த்துக் கிடந்துச்சு. சூடு இல்ல. கண்ணை முழிச்சு என் மூக்குத்தியைப் புடிச்சு இழுத்தா பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. டாக்டரம்மா மருந்து வேலை செஞ்சுட்டுன்னாங்க. சைதோட்டி, பெரியவர் சொன்ன வாக்குன்னான். நான் சொல்லுதேன், மண்ணு. காலடி மண்ணு கையில வந்த உடனே கட்டு விட்டுப்போச்சு, அவ்வளவுதான். அவுக 'நம்ம ஊர்லயும்'னு மறுபடி ஆரம்பிச்சாக, குப்பிக்குப் பால் காய்ச்சணும்னு நான் எந்திரிச்சுப் போயிட்டேன். அவுக என்ன சொல்ல வந்தாகன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டுக்கிடல.

அந்தா, அந்தக் கட்டம் போட்ட சட்டைத் தோள்ல ஒரு ரெட்டைச் சடை ஆடுதுல்ல? அவதான். முன் சீட்ல உக்காரலன்னா வாந்தி எடுப்பா, அதான் அவுககூட. பள்ளிக்கூடம் போறா. வாயாடி. நல்லா இருக்கான்னு சொல்லிராதீங்க, மனசுக்குள்ளகூட நெனைக்காதீங்க.

மண்ணா? சுத்திப் போட்டு நெருப்புல போடணும், ஆமா. மிளகாய், உப்பு எல்லாம் எடுத்து வச்சேன். போட மனசு வரல. அவர் குனிஞ்சு அள்ளினது கண்ணுல நின்னுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு தாயத்துக்குள்ள அடைச்சு அவ கழுத்துல கட்டியிருக்கேன், அந்தத் துர்க்கானாக்காரி மணியோட சேத்து. மதினி கேட்டா, சாஸ்தா கோயில் மண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஐயோ, குரும்பூர் வந்துட்டு. பேச்சு வாக்குல ஆழ்வார்திருநகரி போனதே தெரியல. என்னங்க, இறங்கணும், அவளை எழுப்புங்க. சரி தங்கச்சி, நான் வாரேன். முருகன்கிட்ட நல்லாக் கும்புட்டுட்டு மொட்டையைப் போடுங்க. எங்க, பயல் மூஞ்சியை ஒரு தடவை பாத்துக்கிடுதேன். சிரிக்கான் பாருங்க, கன்னத்துல குழி வேற. சீ. என்ன பயல் இவன். கெட்ட பயல். அவலட்சணமான பயல். யாருக்கும் வேண்டாத பயல். தூ.

என்ன தங்கச்சி, ஏன் வெடுக்குனு இழுக்கீங்க? லேசாத்தான் பட்டுச்சு. இது எங்க ஊர்ப் பழக்கம், பயப்படாதீங்க, இது அது இல்ல, இது வேற. நல்லதுக்குத்தான் செஞ்சேன். பையில என்ன தேடுதீங்க? அந்த ஈரத் துணியை உள்ள வைங்க. இந்தா வாரேன் கண்டக்டர், இறங்குதேன், ஒரு நிமிசம். தங்கச்சி, நான் சொல்றதைக் கேளுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கேன். நான் இறங்கின பெறகும் துடைச்சிராதீங்க.